எண்ணிக் கொடுத்தார், எண்ணி வாங்கினார்



கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் உள்ளவர்களும், வேலைக்காகக் கொழும்பிலும் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வாசித்த பிறகு ஏசுவதாக இருந்தாலும் ஏசலாம். நேரில் வந்து ஏசினால் இன்னும் நல்லம்.

இந்த மாதத்தோடு எங்கள் நானா சேவையிலிருந்து ஓய்வு பெறுகிறார். பெயர் போடவில்லை. போட வேண்டாம் என்று அவரே சொன்னார். பெயர் இல்லாமலே யாரைச் சொல்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் பழைய காவலரணுக்குப் பக்கத்தில், பச்சை நிறச் சைக்கிளைப் புளிய மரத்தில் சாத்திவிட்டு நிற்பாரே, அவர்தான். 1990இல் ஊர்காவல் படையில் சேர்ந்தார். 2006இல் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாறியது. சீருடை மாறியது, பெயர்ப்பட்டி மாறியது, ஆள் மாறவில்லை. கடைசிப் பதினெட்டு வருடமாக எங்கள் பக்கத்துக் காவல் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தார். மொத்தம் முப்பத்தைந்து வருடம்.

பிரியாவிடைக்கு ஒரு குழு போட்டிருக்கிறோம். பள்ளிவாசல் நிருவாகம், விவசாய சங்கம், பாடசாலை மூன்றும் சேர்ந்துதான். பாராட்டுப் பத்திரம் எழுதும் வேலை எங்களிடம் வந்தது. இந்தப் பாடசாலையில் படித்து, இன்று இதே பாடசாலையில் படிப்பிக்கிற நாங்கள் நாலு பேர். "எல்லைக் காவலன்" என்று தலைப்பும் போட்டுவிட்டோம். பத்திரத்தில் வழமையாக எழுதுகிற எல்லாவற்றையும் எழுதினோம். தன்னலமற்ற சேவை, இரவு பகல் பாராத உழைப்பு, இனம் மதம் கடந்த பண்பு. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால் அது யாருக்கும் பொருந்தும். எங்கள் அதிபருக்கும் பொருந்தும், போன வருடம் ஓய்வு பெற்ற தபால் உத்தியோகத்தருக்கும் பொருந்தும். நானா அதில் இல்லை.

அப்போதுதான் அந்தக் கொப்பி எங்கள் கைக்கு வந்தது.

ஓய்வுப் படிவங்களை நிரப்புவதற்காக நானா ஒரு நாள் இடைவேளை நேரம் ஆசிரியர் அறைக்கு வந்தார். ஊரில் யாருக்கு எந்தப் படிவம் என்றாலும் அது எங்கள் மேசைக்குத்தான் வரும். சேவையில் சேர்ந்த திகதி, இடமாறிய திகதி எல்லாம் தேவை என்றதும், ஒரு உரப்பையிலிருந்து பழைய சீ.ஆர். கொப்பிகளை எடுத்து வைத்தார். அட்டை பிய்ந்து, ஓரம் கரையான் தின்ற கொப்பிகள். காவலுக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு இரவும் கொடுத்த தோட்டாக் கணக்கு அதில் இருந்தது. பின்னேரம் ஆளுக்கு ஐந்து தோட்டா கொடுத்துக் கையொப்பம் வாங்குவது, காலையில் திரும்ப எண்ணி வாங்கி மறு கையொப்பம் வாங்குவது. பதினான்கு பேருக்குப் பதினான்கு வரி. எங்கள் வரவு இடாப்பு மாதிரியே இருந்தது. சாதாரண தரம் வரை படித்தவர் அந்தக் குழுவில் நானா ஒருவர்தான். அதனால் சேர்ந்த நாளிலேயே கணக்குக் கொப்பி அவர் தலையில் விழுந்ததாம்.

திகதி தேடிப் புரட்டும்போது ஒரு பக்கத்தில் கை நின்றது. 29.04.1992.

இளம் பிள்ளைகளுக்காக அந்தத் திகதியைச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புகளில் உள்ள பிள்ளைகளிடம் கேட்டால் தெரியாது என்கிறார்கள். பொலன்னறுவை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மட்டக்களப்பு எல்லையை ஒட்டி இருந்த எங்கள் ஊர்களை அந்தக் காலத்தில் எல்லைக் கிராமங்கள் என்றுதான் சொன்னார்கள். அன்றைய தினம் புலிகள் அழிஞ்சிப்பொத்தானைக்குள் புகுந்து 50க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள். பெண்கள், பிள்ளைகள், பாலூட்டிக்கொண்டிருந்தவர்கள் என்று பார்க்கவில்லை. இதை நாங்கள் வருடா வருடம் நினைவுகூருகிறோம். கத்தம் ஓதுகிறோம், துஆக் கேட்கிறோம்.

அதே நாளில் நடந்த மற்றதை நாங்கள் நினைவுகூருவதில்லை. பழிவாங்கப் போனவர்கள் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களான முத்துக்கல்லிலும் கரப்பொலவிலும் புகுந்து 50க்கும் மேற்பட்ட தமிழ் மக்களைக் கொன்றார்கள். அங்கேயும் பெண்கள், அங்கேயும் பிள்ளைகள். போனவர்களில் ஊர்காவல் படையினர் இருந்தார்கள். ஊரைக் காக்க என்று அரசாங்கம் கொடுத்த துவக்குகளோடு போனார்கள். அவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள் என்று மனித உரிமை அறிக்கைகள் அப்போதே எழுதிவிட்டன. நாங்கள்தான் வாசிக்கவில்லை. வாசித்தவர்களும் பேசவில்லை.

இப்போது கொப்பிக்கு வருகிறோம்.

அந்தப் பக்கத்தில் பதினான்கு வரி. பதின்மூன்று வரிகளில் கொடுத்தது 5, வாங்கியது 5. கடைசி வரி நானாவுடையது. கொடுத்தது 5, வாங்கியது 4. பக்கத்தில் சின்ன எழுத்தில் "1 மேலே" என்று இருந்தது.

"இது என்ன நானா?" என்று கேட்டோம்.

"அது பழைய கணக்கு. நீங்க சேர்ந்த திகதியப் பாருங்க" என்றார்.

நாங்கள் விடவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது கொஞ்சம். மிச்சத்தை எங்கள் உம்மாமாரிடமும், அந்தப் பதினான்கு பேரில் இன்று உயிரோடு இருக்கிற இரண்டு பெரியவர்களிடமும் கேட்டு எடுத்தோம். மூன்று இடத்திலும் கதை ஒத்துப்போகிறது.

அந்தக் காலை சேதி வந்தபோது காவலுக்குப் போனவர்கள் துவக்கை ஒப்படைப்பதற்காகக் காவலரணடிக்கு வந்திருந்தார்கள். ஊரே அங்கே திரண்டுவிட்டது. யாரோ ஒருவர் வட்டைப் பக்கம் கையைக் காட்டினார். சிறுபோகத்துக்கு வரம்பு கட்ட வந்த மூன்று தமிழ்க் குடும்பங்கள் அங்கே வாடியில் தங்கியிருந்தன. பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினொரு பேர். எங்கள் ஆட்களே கூலிக்குக் கூட்டி வந்தவர்கள். முதல் நாள் இரவு எங்கள் வீடுகளிலிருந்துதான் அவர்களுக்கு மீன் கறி போனது. காலையில் அதே வாடியை நோக்கி ஆட்கள் திரும்பினார்கள்.

நானா காவலரண் வாசலில் கொப்பியோடு நின்றார். இருபது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடம் இருக்கும். "கணக்கு முடியாம ஒருத்தரும் போக ஏலாது. எண்ணித் தந்துட்டுப் போங்க" என்றாராம். ஏசினார்கள். ஒருவர் கன்னத்தில் அறைந்தார். அடித்தவர் இன்று உயிரோடு இல்லை, அல்லாஹ் அவரை மன்னிப்பானாக. சிலர் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தபோது நானா தன் துவக்கை மேலே தூக்கி ஒரு வெடி வைத்தார். சத்தத்தில் எல்லாரும் நின்றார்கள். அவர் மறுபடியும் கொப்பியைத் திறந்து முதல் பெயரை வாசித்தார்.

ஒருவர் வந்து எண்ணிக் கொடுத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். எழுபதில் அறுபத்தொன்பது திரும்பி வந்தது. அதற்குள் அன்றைய இமாம் ஒரு டிரெக்டரை ஒழுங்கு செய்து, அந்தப் பதினொரு பேரையும் பெட்டியில் படுக்க வைத்து, மேலே வைக்கோல் போட்டுப் பெரிய ரோட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நானாவின் மூத்த ராத்தாவைக் கலியாணம் முடித்துக் கொடுத்தது அழிஞ்சிப்பொத்தானைக்கு. அந்தக் காலையில் வந்த சேதியில் அவவும் அவவின் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். கணக்கை முடித்துக் கையொப்பம் வாங்கிவிட்டுத்தான் நானா மையத்தை எடுக்கப் போனார்.

இதைக் கேட்ட நேரம் ஆசிரியர் அறையில் யாரும் ஒன்றும் பேசவில்லை. மணி அடித்தும் வகுப்புக்குப் போக மறந்துவிட்டோம்.

குறைந்த ஒரு தோட்டாவுக்கு விளக்கம் கேட்டார்களாம். எழுதிக் கொடுத்தாராம். அந்த மாதக் கொடுப்பனவில் கொஞ்சம் வெட்டினார்களாம். "வெட்டினது சரிதான், கணக்கு கணக்குதானே" என்கிறார். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே வருடம் ஒக்டோபர் 15 இரவு பள்ளித்திடலிலும் அக்பர்புரத்திலும் அஹமட்புரத்திலும் நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 160க்கும் மேற்பட்டவர்களை ஒரே இரவில் இழந்தோம். ஊரைக் காக்க நின்ற ஊர்காவல் படையினரும் பொலிஸாரும்கூட அங்கே விழுந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பல மாதங்கள் யாரும் வீட்டில் தூங்கவில்லை. எங்களுக்கு நினைவு தெரிந்த முதல் நினைவே அதுதான். இஷா தொழுத கையோடு பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்குப் போவோம். மேசைகளை யன்னலோடு அடுக்கி வைத்திருப்பார்கள். உம்மாமார் ஓதிக்கொண்டே இருப்பார்கள். அழுகிற பிள்ளையின் வாயை முந்தானையால் மூடுவார்கள். வெளியே மணிக்கு ஒரு தடவை சைக்கிள் செயினின் கிரீச் சத்தம் கேட்கும். அது நானா சுற்றி வருகிற சத்தம். அது கேட்டால்தான் தூக்கம் வரும். இன்று நாங்கள் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற அதே கட்டடம் அது. மேற்குப் பக்க யன்னலடியில் நிற்கும்போது சில நாட்களில் அந்தச் சத்தம் இன்னும் கேட்பது போலிருக்கும்.

பள்ளித்திடல் நடந்த பிறகு, ஏப்ரலில் நானாவை ஏசியவர்கள் மறுபடி வந்து கேட்டார்களாம். "அன்டைக்கு நீ தடுத்தாயே, இப்ப பார்த்தியா?" என்று. அந்தக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நாங்கள் கேட்டோம். "பதில் சொல்லல்ல. பதில் சொல்ற நேரமா அது? மையத்து அடக்கப் போனோம்" என்றார்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. இனி இவர்களுக்கு என்ன வேலை என்று பலர் கேட்டார்கள். வேலை இருந்தது. ஆட்களுக்குப் பதில் யானை வந்தது. எங்கள் வட்டையைச் சுற்றி மின்வேலி போட்ட பிறகு அதைக் காக்கும் பொறுப்பு நானாவின் குழுவுக்கு வந்தது. கம்பியில் சாய்கிற கொப்பை வெட்டுவது, பற்றரி பார்ப்பது, அறுந்த இடத்தை இரவோடு இரவாக இழுத்துக் கட்டுவது, வேலியைத் தாண்டினால் யானை வெடி போட்டுத் திருப்புவது. வெடிக்கும் அதே மாதிரிக் கொப்பி, அதே கணக்கு. மாரியில் காலை ஆறரைக்கு ரோட்டில் யானை நின்றால் பாடசாலைக்கு முதல் கோல் அவரிடமிருந்துதான் வரும். "கீழ் வீதிப் பிள்ளையள கொஞ்சம் தாமதிச்சி வரச் சொல்லுங்க." பத்து வருடத்துக்கும் மேலாக இந்தக் கோல் வருகிறது. கீழ் வீதியிலிருந்து நடந்து வருகிற பிள்ளை ஒன்றுக்குக்கூட இதுவரை ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

யானைக்கு எங்கள் பக்கம், அவர்கள் பக்கம் என்று இல்லை. வட்டைக்கு அந்தப் பக்கத் தமிழ்க் கிராமத்துக் கமக்காரர்களின் இலக்கங்கள் எல்லாம் நானாவின் போனில் இருக்கின்றன. இங்கே வெடி போட்டால் யானை அங்கே போகும், அங்கே போட்டால் இங்கே வரும். அதனால் ஒருவருக்கு ஒருவர் சொல்லிவிட்டுத்தான் திருப்புகிறார்கள். அடிக்கடி கோல் எடுக்கிற ஒருவர் இவரை "மாமா" என்று கூப்பிடுவார். அன்றைக்கு வைக்கோலுக்குக் கீழே படுத்துப் போன பிள்ளைகளில் அவரும் ஒருவர் என்பதை நாங்கள் போன வாரம்தான் அறிந்தோம்.

2019 ஏப்ரலையும் சொல்லாமல் விட முடியாது. உயிர்த்த ஞாயிறன்று அந்தப் பாவிகள் செய்ததற்குப் பிறகு, ஊரைச் சுற்றி வளைத்துத் தேடினார்கள். அரபு எழுத்து இருக்கிற கொப்பியைப் பார்த்தாலும் சந்தேகம். எங்கள் வீடுகளில் பயத்தில் கிதாபுகளை மண்ணில் புதைத்தவர்கள் இருக்கிறார்கள். நானா அன்று சீருடையில் இருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் போய், பெண்களை ஒரு பக்கம் இருக்கச் சொல்லிவிட்டு, பிறகு தேடுகிறவர்களைக் கூட்டி வந்தார். இது யாஸீன் கிதாபு, இது மத்ரஸாப் பிள்ளையின் பாடக் கொப்பி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். எடுத்துப் போன பொருட்களுக்கு அவரும் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார். அந்தப் பட்டியலைக் காட்டித்தான் பிறகு பல பொருட்களைத் திரும்ப வாங்கினோம். அந்த நாட்களில் ஊரில் சிலர் அவரைக் "காட்டிக் கொடுக்கிறவன்" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசியவர்களில் எங்கள் வீட்டு ஆட்களும் இருந்தார்கள். இதற்காக இங்கே மன்னிப்புக் கேட்கிறோம்.

இப்போது விசயத்துக்கு வருகிறோம்.

பிரியாவிடை வருகிற வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு, பாடசாலை மண்டபத்தில். குழுவில் நாங்கள் இரண்டு விடயம் முன்வைத்தோம். ஒன்று, பாராட்டுப் பத்திரத்தில் அந்த ஏப்ரல் காலையை அப்படியே எழுத வேண்டும். இரண்டு, வட்டைக்கு அந்தப் பக்கத்து மக்களையும் அழைக்க வேண்டும்.

குழுவில் சத்தம் வந்தது. "பழையதைக் கிளறாதீங்க" என்றார்கள். "எங்கட ஆட்கள் செய்ததை நாங்களே மேடையில சொல்றதா?" என்றார்கள். "எங்கட ஷஹீதுகள மறந்திட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவருடைய வாப்பா அக்பர்புரத்தில் ஷஹீதானவர். அவருக்கு முன்னால் எங்களால் உடனே வாய் திறக்க முடியவில்லை. அவருடைய கேள்வி நியாயமானது. அதனால்தான் அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறோம்.

மறக்கவில்லை சாச்சா. ஒருவரையும் மறக்கவில்லை. அழிஞ்சிப்பொத்தானைக்கும் பள்ளித்திடலுக்கும் இத்தனை வருடமாகியும் நீதி கிடைக்கவில்லை என்பதையும் மறக்கவில்லை. ஆனால் நீதி கேட்கிறவர்கள் பாதிக் கணக்கைக் காட்டிக் கேட்க முடியாது. முத்துக்கல்லிலும் கரப்பொலவிலும் செத்த பிள்ளைகளுக்கும் நீதி இல்லை. அதைச் சொல்லாமல் எங்களுடையதை மட்டும் சொன்னால், கேட்கிறவன் எங்கள் கொப்பியை நம்ப மாட்டான். சூரா அல்மாயிதாவில் நீதியைப் பற்றி வருகிற அந்த வசனத்தை எத்தனையோ ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். அதை வைத்து நடந்த ஒருவர் எங்கள் ஊரில் முப்பத்தைந்து வருடமாகச் சைக்கிளில் சுற்றித் திரிந்திருக்கிறார். அவரைப் பாராட்டுகிற இடத்திலும் அந்தக் காலையை மறைத்தால், எதற்காகப் பாராட்டுகிறோம்? துவக்கு வைத்திருந்ததற்கா? துவக்கு அன்று பதினான்கு பேரிடம் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பதின்மூன்று பேரும் கோபத்தோடுதான் திரும்பினார்கள். ஆனாலும் திரும்பினார்கள். அவர்களில் நாலு பேரை அதற்குப் பிறகு யுத்தத்தில் இழந்தோம். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டிய செய்தி இது. உங்கள் வாப்பா அன்று தோட்டாவைத் திருப்பிக் கொடுத்தார். கையொப்பம் எங்களிடம் இருக்கிறது.

தலைப்பை மாற்றிவிட்டோம். "எல்லைக் காவலன்" என்பதை நானாவிடம் காட்டியபோது அவர் விரும்பவில்லை. "எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கிறது வட்டை. அத எல்லையெண்டு பெயர் வெச்சது பிறகுதானே. அந்தப் பெயர எனக்கு வைக்காதீங்க" என்றார். இப்போது பத்திரத்தில் தலைப்பு இல்லை. அவருடைய பெயரும் சேவைக் காலமும் மட்டும்தான் மேலே இருக்கும். அதற்குக் கீழே அந்தக் கொப்பிப் பக்கத்தின் பிரதி.

அந்தப் பக்கத்துக்கு அழைப்பைக் கொண்டு போவதாகப் பள்ளிவாசல் தலைவர் நேற்று இரவு ஒப்புக்கொண்டார். அக்பர்புரத்துச் சாச்சா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வருவார் என்று நினைக்கிறோம். வராவிட்டாலும் அவர் மீது எங்களுக்கு வருத்தமில்லை. சாப்பாட்டை அவருடைய வீட்டுக்கு அனுப்புவோம்.

நானாவுக்கு அன்பளிப்பாக என்ன கொடுக்கலாம் என்று கேட்டோம். பச்சைச் சைக்கிளுக்கு ஒரு புதுச் செயின் போதும் என்றார். வாங்கிவிட்டோம். கிரீச் சத்தம் இனி இருக்காது என்பதுதான் கொஞ்சம் கவலை.

வெள்ளிக்கிழமை அனைவரும் குடும்பத்தோடு வாருங்கள். வெளிநாட்டில் உள்ளவர்கள் துஆச் செய்யுங்கள். அல்லாஹ் அவருடைய சேவையை ஏற்றுக்கொள்வானாக. அவருடைய ராத்தாவுக்கும் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும், எங்கள் ஷஹீதுகள் எல்லாருக்கும் ஜன்னத்துல் பிர்தௌஸைக் கொடுப்பானாக. முத்துக்கல்லிலும் கரப்பொலவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் மனதுக்கும் ஆறுதலைக் கொடுப்பானாக.

ஆமீன்.